சாட்சி டப்பா

நர்ஸ் தாளிலிருந்த ஒவ்வொரு வரியின் கீழும் பேனாவால் கோடு போட்டாள். வேகாத முட்டை கூடாது. காய்ச்சாத பால் கூடாது. சமைத்துக் குளிரில் வைத்த கறியை அப்படியே சாப்பிடக் கூடாது. ஆவி பறக்கச் சூடு பண்ணிய பிறகுதான்.

"ஒரு ஸ்பூன் மட்டும்னா, சிஸ்டர்?"

"கிருமி ஸ்பூன் கணக்கெல்லாம் பாக்குமா?"

கர்ப்பப் பரிசோதனைக்கு வந்திருந்தவள் தாளை நான்காக மடித்துத் தன் கைப்பையின் உள்ளறையில் வைத்தாள்.

சமைத்த உணவைக் குளிரூட்டி டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் அவள் ருசி பார்ப்பவள். வாங்குகிறவர் எப்படிச் சாப்பிடுவாரோ அப்படித்தான் பார்க்க வேண்டும். குளிர்ந்ததைக் குளிர்ந்தபடியே. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு ஸ்பூன். துப்பக் கூடாது என்பது அந்தப் பிரிவுக்கு மேலாளரான மேடத்தின் சட்டம். தொண்டை தாண்டினால்தான் சில கெடுதல்கள் தெரியும் என்பாள்.

நான்கு வருடமாகத் தற்காலிகம். இரண்டு மாதத்தில் நிரந்தர ஆணை வரும் என்று சொல்லியிருந்தார்கள். அவளுக்கு முன்னால் அதே மேசையில் இருந்த இரண்டு பேர் கர்ப்பமானபோது மேடம் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. "உடம்பைப் பாத்துக்கோம்மா. பிள்ளை பிறந்து ஆறு மாசம் கழிச்சு வா" என்றாள். வந்தார்கள். வாசல் வரைக்கும்.

அவள் அங்கே யாரிடமும் தன் கர்ப்பத்தைச் சொல்லவில்லை. ஒவ்வொரு ஸ்பூனையும் வாயில் வைத்து, டிஷ்யூவால் உதட்டைத் துடைப்பதுபோல் துப்பினாள்.

பக்கத்து மேசையில் டப்பாக்களை எடை போடும் அக்காவை எல்லோரும் தராசு என்பார்கள். வருகைப் பதிவேட்டில் மட்டும் வேறு பெயர். அவள் மூன்றாம் நாள் வந்து நின்றாள்.

"ரெண்டு நாள்ல ஒரு பெட்டி டிஷ்யூ காலி. சளியா, அழுகையா?"

"சளிக்கா."

"சளி எத்தனாவது மாசம்?"

தராசு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஸ்பூனை அவள் கையிலிருந்து வாங்கினாள்.

"நான் திங்கறேன். நீ கையெழுத்துப் போடு. எனக்குக் கல்லைத் தின்னாலும் செரிக்கும்."

மேடம் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்தார்கள். பதினொரு நாள் நடந்தது. தராசின் நாக்குக்கு எல்லாமே நன்றாக இருந்தது.

"எப்படிக்கா இருக்கு?"

"சூப்பர்."

"உப்பு?"

"இருக்கு."

"புளிப்பு?"

"அதுவும் இருக்கு. எல்லாம் இருக்கு. கையெழுத்தைப் போடுவியா, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கற மாதிரி கேள்வி கேட்டுக்கிட்டு."

அவள் மோந்து பார்ப்பாள். குமட்டல் வந்ததிலிருந்து அவளுக்கு எல்லாமே நாறியது. சோப்பு நாறியது. புருஷன் நாறினான். எது உண்மையில் கெட்டது, எது தன் உடம்பு செய்வது என்று பிரிக்க முடியவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

பன்னிரண்டாம் நாள் மேடம் கூப்பிட்டாள். கோழிக்கறியும் பச்சை முட்டைக் கலவையும் சேர்ந்த சாலட். மூன்று கடைகளிலிருந்து புகார். புளித்திருக்கிறது, ஒருவருக்கு வாந்தி.

ஒவ்வொரு நாள் தயாரிப்பிலிருந்தும் ஒரு டப்பாவைக் குளிர் அறையில் எடுத்து வைப்பது வழக்கம். பிறகு பிரச்சனை வந்தால் பார்க்க. அதற்குச் சாட்சி டப்பா என்று பெயர். மேடத்தின் மேசையில் அந்த நாளின் சாட்சி டப்பா இருந்தது. பக்கத்தில் ஒரு ஸ்பூன், ஒரு பதிவேடு.

"உன் கையெழுத்துதானே?"

"ஆமா மேடம்."

"சாப்பிட்டுப் பாத்துட்டுத்தானே போட்ட?"

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் தராசு ஒரே டப்பாவை இரண்டாவது முறை எடை போட்டுக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னால் இரண்டு பேருக்கு வேலை போகும். காரணத்தை மட்டும் சொன்னால் ஒருத்திக்கு.

"ஆமா மேடம்."

மேடம் மூடியைப் பிரித்தாள். இந்த முறை சந்தேகமே இல்லை. அது கெட்டிருந்தது.

"இப்ப சாப்பிடு. சாப்பிட்டுட்டு, இதை எப்படிப் பாஸ் பண்ணினன்னு என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு."

அவள் ஸ்பூனை எடுத்தாள். டிஷ்யூப் பெட்டி மேசையில் இல்லை. வாயில் வைத்தாள்.

"முழுங்கு."

விழுங்கினாள்.

"புளிச்சிருக்கு மேடம்."

"அன்னிக்கு?"

"அன்னிக்கு எனக்கு ஜலதோஷம். தெரியல. என் தப்புதான்."

மேடம் பதிவேட்டை மூடினாள். "ஒத்துக்கிட்டியே, அது போதும். நாளையிலேர்ந்து நீ பாக்கும்போது நான் பக்கத்துல நிப்பேன்."

கழிவறையில் அவள் தொண்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். கண்ணீரும் எச்சிலும்தான் வந்தன. தராசு கதவுக்கு வெளியே நின்று, வருகிறவர்களை மேல்மாடிக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டு இடைவேளையில் லாரிகள் நிற்கும் இடத்துக்குப் போய் நர்ஸுக்குப் போன் செய்தாள்.

"கெட்டதுன்னு தெரிஞ்சேவா சாப்பிட்ட?"

"ஆமா, சிஸ்டர்."

"ஏன்?"

லாரி ஒன்று பின்னோக்கி வந்தது. அது நிற்கும் வரை அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"ஆசையா இருந்திச்சு."

"படிச்ச பொண்ணு மாதிரி இருக்க. ஒரு பத்து மாசம் நாக்கைக் கட்ட முடியாதா உன்னால?"

"தப்புதான், சிஸ்டர்."

"காய்ச்சல் இருக்கா? உடம்பு வலி?"

"இல்ல."

"வந்தா உடனே வா. காய்ச்சல் நாளைக்கும் வரலாம், ரெண்டு மாசம் கழிச்சும் வரலாம். வராமலும் போகலாம். இனிமே ஒரு வாய் அந்த மாதிரி சாப்பிடாத."

அன்று மாமியார் பாலை இரண்டாம் முறை பொங்க வைத்து ஆற்றிக் கொடுத்தாள். பழத்தைத் தோல் சீவுவதற்கு முன்பும் பின்பும் கழுவினாள். மருமகள் தொழிற்சாலையில் குளிர் அறையின் வெப்பநிலையை எழுதிவைக்கிற வேலை பார்ப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"வெளியில எதையும் வாயில வைக்கறதில்லையே?"

"இல்லைங்க அத்தை."

"சமத்து" என்றாள் மாமியார்.

மறுநாள் காலை முதல் டப்பா வந்தது. மேடம் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு மேசையருகே உட்கார்ந்தாள். அவள் ஸ்பூனை எடுத்தாள். வாய் வரை கொண்டுபோனாள். பிறகு டப்பாவுக்குள்ளேயே வைத்துவிட்டாள்.

"மேடம், நான் மூணு மாசம்."

மேடத்துக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் எழுந்துவிட்டாள். நாற்காலி பின்னால் சாய்ந்தது.

"அடிப்பாவி. நேத்து நான் குடுத்ததை முழுங்கினியே."

"ஆமா மேடம்."

"நேத்தே சொல்லியிருந்தா அதைத் திங்க விட்டிருப்பேனா? நானும் ரெண்டு பெத்தவடி."

அதில் நடிப்பில்லை. மேடமே போய் வெந்நீர் கொண்டுவந்தாள். குடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள். பிறகு தன் அறைக்குப் போய், அரை மணி நேரத்தில் தட்டச்சு செய்த ஒரு தாளோடு திரும்பினாள்.

கர்ப்பமாக இருப்பதை நிர்வாகத்துக்குத் தெரிவிக்காமல் மறைத்தது நான். இதனால் என் உடல்நிலைக்கோ கருவுக்கோ ஏதேனும் நேர்ந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல. சொந்த விருப்பத்தின் பேரில் இன்றுடன் வேலையிலிருந்து விலகுகிறேன்.

"உன் நல்லதுக்குத்தாம்மா. பிள்ளை பிறந்து ஆறு மாசம் கழிச்சு வா."

அவள் இரண்டு முறை படித்தாள். கையெழுத்துப் போட்டாள். ஏப்ரனையும் அடையாள அட்டையையும் கழற்றிக் கொடுத்தாள். யார் விலகினாலும் அன்றைய தயாரிப்பில் ஒரு டப்பா கொடுத்தனுப்புவது அங்கே ஒரு மரியாதை. மேடம் அதைத் தன் கையாலேயே உறையில் போட்டுக் கொடுத்தாள்.

"சூடு பண்ணிச் சாப்பிடு. இந்த நேரத்துல எதையும் ஜில்லுன்னு சாப்பிடக் கூடாது."

மேசையைத் தாண்டும்போது தராசு தலையைத் தூக்கவில்லை. தராசின் முன்னால் இப்போது ருசி பார்க்கும் பதிவேடு இருந்தது. வாயில் ஸ்பூன் இருந்தது.

வாசலில் காவலாளி உறையைப் பிரித்துப் பார்த்தான். உள்ளேயிருந்து போகும் எதையும் பார்க்க வேண்டும்.

"எனக்குக் குடுத்துட்டுப் போயேன் தங்கச்சி. உனக்கென்ன, தினமும் திங்கறவ."

அவள் கொடுத்தாள்.

"நல்லா இருக்கும்ல?"

"தெரியாதுண்ணே. அதை நான் பாக்கல."

பேருந்து நிறுத்தத்தில் நிழல் இல்லை. அவள் புறங்கையைக் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். சுட்டது. வெயிலில் நின்ற பெண்ணொருத்தியிடம், "அக்கா, கொஞ்சம் என் நெத்தியைத் தொட்டுப் பாருங்களேன்" என்றாள்.

அந்தப் பெண் தொட்டுப் பார்த்தாள்.

"தெரியலைம்மா" என்றாள். "என் கையும் சூடாத்தான் இருக்கு."