கை அவனுக்கு, முகம் எனக்கு

வியாழக்கிழமை, படம் தொடங்க ஐம்பத்தொரு மணி நேரம் இருந்தபோது வீட்டுத் தொலைபேசி அடித்தது. லோர்னா கையில் ஒட்டிய மாவோடு போய் எடுத்தாள். அந்த எண்ணுக்கு இப்போதெல்லாம் ஹ்யூகோவைத் தவிர யாரும் அழைப்பதில்லை. ஹ்யூகோ அவள் கணவன் நெவிலின் ஏஜென்ட். லண்டனில் இருப்பவன். நல்ல செய்தி என்றால் நெவிலின் செல்போனுக்கு நேராகப் பேசுவான். கெட்ட செய்தி என்றால் மாலை நான்கு மணிக்கு, நெவில் பப்பில் இருக்கும் நேரம் பார்த்து, வீட்டுக்கு அடிப்பான். பல வருடங்களாக இதுதான் வழக்கம். மூன்று பேருக்கும் தெரியும். மூன்று பேரும் இதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

"லோர்னா, நல்லா இருக்கீங்களா? கடல் எல்லாம் எப்படி?"

"இருந்த இடத்துலயேதான் இருக்கு. விஷயத்தைச் சொல்லுங்க ஹ்யூகோ."

அவன் தொண்டையைச் செருமினான். "படம் ரொம்ப நீளமாப் போச்சாம். பத்துப் பன்னிரண்டு நிமிஷம் குறைக்கச் சொல்லியிருக்காங்க. பார் சீன் போயிடுச்சு."

"முழுசாவா?"

"நெவில் வர்ற பகுதி முழுசா. கை இருக்கு."

"கையா?"

"ஹீரோ ஜூலியனுக்குப் பதிலா நெவில் கிட்டார் வாசிச்சாரே, அந்தக் கை. அதை அப்படியே வச்சிருக்காங்க. ரொம்ப அழகா வந்திருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா அது நெவில் கைன்னு வெளிய தெரியக் கூடாது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கார்."

"இதை நீங்களே அவர்கிட்ட சொல்லலாமே."

"நீங்க சொன்னாத்தான் சரியா இருக்கும். உங்களுக்குத்தான் நேரம் காலம் தெரியும்."

தொலைபேசியை வைத்துவிட்டு வந்து மீதி மாவைப் பிசைந்தாள். அதிகம் பிசைந்தால் அடுப்பில் சுடும் பை பலகாரம் கெட்டியாகிவிடும் என்று தெரியும். இருந்தும் பிசைந்துகொண்டே இருந்தாள்.

நெவில் ஸ்கேஃபுக்கு அறுபத்தேழு வயது. கிரிம்ஸ்பி மீன் துறைமுகத்தில் பெட்டி தூக்கியவரின் மகன். இருபத்திரண்டு வயதில் நான்கு பேர் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தார்கள். அவர்களுடைய ஒரு பாட்டு தேசியப் பட்டியலில் இருபத்து மூன்றாவது இடத்துக்கு வந்து, ஒரே வாரம் நின்று, இறங்கிப் போனது. அந்த ஒரு வாரத்தில் அவனைத் தொலைக்காட்சியில் பார்த்த இயக்குநர் ஒருவருக்கு அவன் தாடை பிடித்துவிட்டது. துறைமுகத் தொழிலாளியாக நடிக்கக் கூப்பிட்டார். படம் பேசப்பட்டது. அடுத்து இரண்டு படங்கள். லண்டனில் வீடு. 'இனி இவன்தான்' என்று ஒரு பத்திரிகை எழுதியது. பிறகு அந்தத் தாடைக்கு வயதானது. அடியாள், ஜெயில் வார்டர், இரண்டாவது போலீஸ்காரன். பிணமாக மட்டும் பல முறை நடித்திருக்கிறான். மூச்சை அடக்குவதில் அவனை மிஞ்ச ஆளில்லை என்று ஹ்யூகோ எல்லோரிடமும் சொல்வான். குளிர்காலங்களில் ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளுக்கான மேடை நாடகங்களில் வில்லனாக நின்றான். அப்படிப்பட்ட ஒரு நாடகத்துக்கு உடை தைக்க வந்தவள்தான் லோர்னா.

இவை எதற்காகவும் அவர்கள் இப்போது வாழும் கிளீதோர்ப்ஸ் ஊர் அவனை நினைவில் வைத்திருக்கவில்லை. கிரேவி விளம்பரம் ஒன்றில், ஞாயிற்றுக்கிழமை மேஜையில் உட்கார்ந்து, தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா!" என்று கேட்டான். இருபது வருடம் ஆகிறது. இன்றும் அவன் தெருவில் நடந்தால் வேனில் போகிறவர்கள் கண்ணாடியை இறக்கி அதைக் கத்துவார்கள். அவன் கையை உயர்த்திக் காட்டுவான். கை இறங்கும்போது முகமும் இறங்குவதை லோர்னா மட்டும் பார்ப்பாள்.

ஆறு மணிக்கு நெவில் வந்தான். கூடவே டக்கி. டக்கி அந்தப் பழைய குழுவின் டிரம்மர். பிறகு வாழ்நாள் முழுக்கக் கண்ணாடிக் கதவு பொருத்தியவன்.

"லோர்னா, உன் வீட்டுக்காரனுக்கு நாப்பது டிக்கெட் வித்துட்டேன்," என்றான் டக்கி. "பப்புல ஒருத்தனையும் விடலை. வராதவனுக்கு இனி பீர் கிடையாதுன்னு சொல்லிட்டேன்."

"எதுக்கு இவ்வளவு பேர்?"

"இந்தத் தடவை பொணம் இல்லையே! உசுரோட ஆறு நிமிஷம் பேசுறானாம். அதைப் பார்க்க வேண்டாமா? நடுவுல செத்துட்டா பாதிப் பணம் திருப்பித் தரணும்னு ஒருத்தன் இப்பவே கேக்குறான்."

நெவில் சிரித்தான். நாற்பத்தைந்து வருடமாக டக்கி அவனை இப்படித்தான் வாரிக்கொண்டிருக்கிறான். ஊரில் நெவில் உண்மையாகச் சிரிப்பது டக்கியின் கிண்டலுக்கு மட்டும்தான்.

டக்கி போனதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். டக்கி போனான். சாப்பிட்டதும் சொல்லலாம் என்று நினைத்தாள். பையை அறுக்கக் கத்தி கொஞ்சம் சிரமப்பட்டது. நெவில் ஒன்றும் சொல்லாமல் இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கினான். போன வருடம் இதயத்தில் குழாய் வைத்த பிறகு அவன் இப்படிச் சாப்பிட்டு அவள் பார்த்ததில்லை. படப்பிடிப்பிலிருந்து திரும்பிய நாளிலிருந்து காலையில் எழுந்ததும் சவரம் செய்துகொள்கிறான். குளிக்கும்போது பாடுகிறான். நான்கு வருடமாக அந்தக் குளியலறையிலிருந்து தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை தொலைக்காட்சியில் ஜூலியன் ஆஷ் வந்தான். நெவிலின் வயதுதான். ஆனால் அவனுக்கு வயதானதையும் யாரோ பார்த்துப் பார்த்துச் செய்து கொடுத்தது போல் இருந்தது. படத்தில் அவன்தான் கதாநாயகன், எல்லோராலும் கைவிடப்பட்ட பழைய பாடகன். பேட்டி எடுத்தவள் கிட்டார் பற்றிக் கேட்டாள். எட்டு மாதம் கற்றுக்கொண்டேன், விரல் நுனியெல்லாம் ரத்தம் என்று அவன் கையை விரித்துக் காட்டினான். கூட்டம் கைதட்டியது.

நெவில் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தான். "அவனுக்குக் கிட்டாரை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே நான்தான் சொல்லிக் கொடுத்தேன். கடைசி நாள் அவன் கார் ஏறிப் போனப்புறம், அவன் கோட்டையும் மோதிரத்தையும் எனக்குப் போட்டு, மத்தியானம் பூரா என் கையை மட்டும் எடுத்தாங்க. கையில இருக்கிற வயசுப் புள்ளியை எல்லாம் ஒரு பொண்ணு வந்து அழிச்சா."

"உனக்குக் கோபம் வரலையா?"

"எதுக்கு? கை அவனுக்கு, முகம் எனக்கு. நியாயமான வியாபாரம்தானே?"

அப்போது சொல்லியிருக்கலாம். அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. வாயைத் திறந்தாள். "டீ போடட்டுமா?" என்றுதான் வந்தது.

சமையலறையில் தண்ணீர் கொதிக்கும்வரை நின்றாள். அவனுக்கு வலிக்கும் என்பதால்தான் சொல்லவில்லை என்று நேற்றிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். அது முழு உண்மை இல்லை. இந்த வீட்டில் தொலைபேசி அடிக்குமா என்று காத்திருப்பதே ஒரு வேலையாக இருந்தது. அவர்கள் கிளம்பாத விடுமுறைகள் உண்டு. நெவில் ஊரில் இல்லாதபோது யாராவது நடிக்கக் கூப்பிட்டுவிட்டால்? அவள் அம்மா செத்தபோதுகூட அவன் செல்போனை அணைக்கவில்லை. அதிர்வில் வைத்திருந்தான். இந்த முறை அவனே கண்ணால் பார்க்கட்டும் என்று அவளுக்குள் ஒருத்தி நினைத்தாள். ஊரோடு உட்கார்ந்து பார்க்கட்டும். பார்த்தால் இந்தக் காத்திருப்பு முடிவுக்கு வரும். அந்த ஒருத்தி புதியவளாகத் தோன்றவில்லை. லோர்னாவுக்கு அவளை நெடுநாளாகத் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை மதியம் அவன் நீலச் சட்டையை எடுத்து வந்து கொடுத்தான். காலர் முனைகூட மடங்காமல் தேய்த்துக் கொடுத்தாள்.

தியேட்டர் வாசல் பலகையில் ஜூலியன் ஆஷின் பெயருக்குக் கீழே, 'நம்ம ஊர் நெவில் ஸ்கேஃப்' என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். டக்கி அதன் கீழே நெவிலை நிறுத்தி ஒரு படம் எடுத்தான். "கொஞ்சம் உசுரோட இருக்கிற மாதிரி நில்லுடா," என்றான்.

நடு வரிசைகள் முழுக்கத் தெரிந்த முகங்கள். எதிர் வீட்டு பாலின் முடியைச் சுருட்டி வந்திருந்தாள். விளக்கு அணைந்தது. நெவில் லோர்னாவின் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் உள்ளங்கை ஈரமாக இருந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து அந்த பார் வந்தது. வெறிச்சோடிய பார். ஜூலியன் ஆஷ் உள்ளே வந்து உட்கார்ந்தான். நெவில் நிமிர்ந்தான். "இப்பத்தான். கதவைத் திறந்து வருவேன்," என்று அவள் காதில் சொன்னான். கதவு திறக்கவில்லை. ஜூலியன் சுவரில் மாட்டியிருந்த கிட்டாரை எடுத்தான். அடுத்து திரை முழுக்கக் கைகள். இடது கைச் சுண்டுவிரல் நுனியில் கொஞ்சம் வளைந்திருந்தது. டான்காஸ்டரில் குழுவின் வேன் கதவில் நசுங்கிய விரல். அந்தக் கைகள் மெதுவாக, அவசரமே இல்லாமல் வாசித்தன. ஒவ்வொரு விரலும் எங்கே போக வேண்டும் என்று தெரிந்து போனது. லோர்னா இவ்வளவு பெரிதாக, இவ்வளவு அழகாக அவற்றைப் பார்த்ததில்லை. பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். கைகள் நின்றன. ஜூலியன் ஆஷின் முகம் வந்தது. கண்ணில் நீர். அப்புறம் காலை, ஒரு ரயில், வேறு ஊர்.

நெவில் அவள் கையை விட்டுவிட்டான்.

மீதிப் படம் முழுக்க அவன் அசையவில்லை. மூச்சு விடுகிறானா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கின. வழக்கமாக அந்நேரம் எல்லோரும் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். அன்று நாற்பது பேரும் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். நடிகர்கள் போனார்கள். தச்சர்கள் போனார்கள். ஓட்டுநர்கள், சமையல்காரர்கள், நாய்களைப் பார்த்துக்கொண்டவர் பெயர்கூட வந்தது. கடைசியில் திரை வெள்ளையானது.

வெளிக்கூடத்தில் டக்கி ஏற்பாடு செய்திருந்த வெள்ளை ஒயின் பிளாஸ்டிக் கோப்பைகளில் இருந்தது. நெவில் நடுவில் நின்றான். யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அதனால் நல்லதைச் சொன்னார்கள்.

"ரொம்ப நல்லா பண்ணியிருந்தீங்க நெவில்," என்றாள் பாலின்.

"நன்றி."

"ரொம்ப இயல்பா இருந்துச்சு," என்றார் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"நன்றி. ரொம்ப சந்தோஷம்."

ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள். தாங்கள் எங்கேயோ கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று சிலர் நிஜமாகவே நினைத்தது போலிருந்தது. மற்றவர்களுக்கு அந்தச் சந்தேகமும் இல்லை. இருந்தும் கை குலுக்கினார்கள். நெவில் ஒவ்வொருவருக்கும் தலையைக் கொஞ்சம் சாய்த்து நன்றி சொன்னான். ஒரு முறைகூடத் தப்பவில்லை. அவன் வாழ்நாளில் இவ்வளவு நன்றாக நடித்து லோர்னா பார்த்ததில்லை.

கடைசியில் டக்கி வந்தான். லோர்னா அவனுக்காகத்தான் காத்திருந்தாள். பிணமாகக்கூட வரலையேடா என்று அவன் கேட்பான். நெவில் சிரிப்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அதோடு வீட்டுக்குப் போய்விடலாம்.

டக்கி கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "நல்லா இருந்துச்சு நெவில்," என்றான். 'டா' இல்லை.

நெவிலின் முகத்தில் அப்போதுதான் ஏதோ நழுவியது.

டக்கிக்குத் தாங்கவில்லை போலும். அவசரமாக வேறு பேச்சுக்குத் தாவினான். "அந்த ஆளு ஜூலியன்... என்னமா வாசிக்கிறான்! எட்டு மாசத்துலயாம். நாமளும்தான் எத்தனை வருஷம் தட்டினோம். அந்த மாதிரி ஒருநாள் வாசிச்சிருப்போமா?"

"ஆமா," என்றான் நெவில். "நல்லா வாசிக்கிறான்."

அடுத்த காட்சிக்கு வந்தவர்கள் கதவைத் திறந்தார்கள். உப்புக் காற்று உள்ளே வந்து மேஜையிலிருந்த காலிக் கோப்பைகளை உருட்டியது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

"அது நெவிலோட கை," என்றாள் லோர்னா.

சத்தமாகத்தான் சொன்னாள். டிக்கெட் கிழிப்பவள்கூடத் திரும்பிப் பார்த்தாள்.

"லோர்னா, வேண்டாம்," என்றான் நெவில்.

"அவனுக்கு வாசிக்கவே தெரியாது. அது இவரு கை. இவரு முகத்தை வெட்டி எடுத்துட்டுக் கையை மட்டும் வச்சுக்கிட்டாங்க."

டக்கி மெல்ல நெவிலின் கைகளைப் பார்த்தான். பாலின் பார்த்தாள். பிறகு எல்லோரும் பார்த்தார்கள். நெவில் கோப்பையை வைக்க இடம் தேடினான், கிடைக்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துப் புன்னகைத்தான்.

"அவளுக்கு அதிர்ச்சி," என்றான். "எங்க ரெண்டு பேருக்குமே இப்பத்தானே தெரியும். பாவம்." அவள் தோளில் கையைப் போட்டான்.

அந்தக் கை கனமாக, வெதுவெதுப்பாக இருந்தது. லோர்னா அதன் கீழிருந்து நகரவில்லை.

"எனக்கு வியாழக்கிழமையே தெரியும், நெவில்," என்றாள்.