மீன்பெட்டியில் மண்புழு

சல்லி என்ற அந்தக் கடற்கரைக் கிராமத்தில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் மணல் குடித்துவிடும். செடிக்கு ஒன்றும் மிஞ்சாது. வெருகல் பக்கம் வயலும் தோட்டமுமாக வளர்ந்த சுதர்சிகாவுக்கு, கலியாணம் முடித்து வந்த கையோடு இது விளங்கிவிட்டது. அவள் புருசன் நிசாந்தன் கடல்காரன். ஓரம் உடைந்த மீன்பெட்டி ஒன்றை அவள் கேட்டபோது, கோழியை அடைவைக்கத்தான் என்று நினைத்துக் கொடுத்தான்.

அவளோ ஆணியைச் சூடாக்கிப் பெட்டியின் அடியில் துளை போட்டாள். தென்னந்தும்பையும் கிழித்த பத்திரிகையையும் நனைத்துப் பரப்பினாள். அதற்கு மேல் உக்கிய மாட்டெரு. மூதூரில் மாடு வளர்க்கும் சிநேகிதி அசனா, எருக்கும்பியைக் கிளறிச் சிவப்புப் புழுக்களை ஐஸ்கிறீம் டப்பாவில் போட்டுக் கொடுத்திருந்தாள்.

"புழு வளர்க்கவோ பெட்டி கேட்டனீ?" என்றான் நிசாந்தன்.

"ஓம். மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை எல்லாத்தையும் திண்டு, அதுகள் எனக்கு மண் செய்து தரும்."

ஒரு கிழமைக்குள் புழுக்கள் அத்தனையும் செத்துப்போயின. இதோடு விட்டுவிடுவாள் என்றுதான் அவன் நினைத்தான். அவள் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டி, உட்சுவரை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்பு. மீன் கிடந்த பெட்டி எண்டதை நான் யோசிக்கேல்ல."

கிணற்றுத் தண்ணீரை நிரப்பி ஊறவைத்தாள், ஊற்றினாள், மறுபடியும் நிரப்பினாள். பிறகு பஸ் ஏறித் திரும்பவும் மூதூருக்குப் போய் வந்தாள். இந்த முறை புழுக்கள் பிழைத்தன. எறும்பு ஏறாமல் பெட்டியை வைத்த பலகையின் கால்களுக்குச் சிரட்டையில் தண்ணீர் வைத்தாள்.

கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தது. எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். நிசாந்தன் மற்றவர்களோடு சேர்ந்து தோணிகளைக் கரையில் ஏற்றிவிட்டு அங்கே போனபோது, வாசலில் ஒரே சிரிப்பு. சுதர்சிகா தொப்பலாக நனைந்து நிற்கிறாள். சைக்கிள் கரியரில் மீன்பெட்டி. அதன்மேல் அவனுடைய மழைக்கோட்டு.

"மற்றச் சனம் நகைநட்டோட வருகுது, இவள் புழுவோட வந்திருக்கிறாள்!" என்றாள் பக்கத்து வீட்டுக் கனகம்மா.

நிசாந்தனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "உனக்கென்ன விசரே?" என்று மெல்லக் கேட்டான்.

"நகை கழுத்தில கிடக்கு. வளவுக்குள்ள வெள்ளம் வந்தால் இதுகளால தப்ப ஏலாது."

வெளியே காற்று ஊளையிட, சிரித்த கனகம்மாவே பொழுது போகாமல் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து குந்தினாள். சுதர்சிகா மூடியைத் திறந்து காட்டினாள். "கனக்கப் போட்டால் புளிச்சு மணக்கும், மாமி. முதல் போட்டதைத் திண்டு முடிக்க விடோணும்." தும்பைப் பிழிந்து, ஈரம் எவ்வளவு இருக்கவேண்டும் என்று சொன்னாள். பெண்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். சுவரில் சாய்ந்தபடி நிசாந்தன் கேட்டுக்கொண்டிருந்தான். நீரோட்டம் பார்த்து வலை போடுகிறவனுக்கு, இது எவ்வளவு கவனமான வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. இவ்வளவு நாளும் ஒரே வீட்டில் இருந்தும் கவனிக்கவில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது.

வீட்டுக்குத் திரும்பியபோது வளவில் இருந்த கொஞ்ச மேல்மண்ணையும் வெள்ளம் அள்ளிக்கொண்டு போயிருந்தது. பெட்டிக்குள்ளே மட்டும், தேயிலைத்தூள் போல் கறுத்துப் பொலபொலத்த மண் கிடந்தது. அவள் அதை மணலோடு கலந்து அரிசிப் பைகளில் நிரப்பிக் கத்தரி நட்டாள். மாசியில் காய்த்தது. கனகம்மா டப்பாவோடு வந்து, "எனக்கும் கொஞ்சப் புழு தா பிள்ளை," என்று கேட்டாள்.

அந்தக் கிழமை கரையோரத் தேத்தண்ணிக் கடையில் யாரோ, "மச்சான், உன்ர மனிசி புழு வளர்க்கிறாவாம்?" என்று நக்கலாகக் கேட்டான்.

"வளர்க்கிறதில்லையடா, மண் செய்யிறா!" என்று தொடங்கினான் நிசாந்தன். அவன் சொல்லி முடிக்கும்போது முன்னால் இருந்த பிளேன்ரீ ஆறிப் பச்சைத் தண்ணியாகியிருந்தது.