முன்னீட்டுக்காரர்

கதிரவெளியில் நல்லரத்தினத்தாரின் குடிக்குத்தான் கோயிலில் முன்னீடு. திருவிழாவில் முதல் மரியாதை அவருக்கே. சுனாமி அந்தக் கோயிலையே வாரிக்கொண்டு போனது. மனிதர் முன்னீட்டை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கரையேறிவிட்டார். நிவாரணச் சோற்றுக்கும் முதலில் தட்டை நீட்டியவர் அவர்தான்.

இரண்டு வருடத்தில் போர் மூண்டு, செல்லடி ஊரையே வாவிக்கரை முகாமுக்குத் துரத்தியது. அங்கும் அதே கூத்து. பசியில் பிள்ளைகள் அழுதுகொண்டு நிற்க, "மூப்புக்கு ஒரு மரியாத வேணும் புள்ள" என்றபடி சோற்றுக் கிடாரத்தடிக்கு முதல் ஆளாக வந்துவிடுவார். சமையலில் நின்ற புஸ்பத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். அகப்பையால் ஒன்று போடலாமா என்றுகூட நினைத்திருக்கிறாள். போட்டதென்னவோ சோறுதான்.

ஒருநாள் விடியற்காலை, துவக்கோடு வந்தவர்கள் முகாமைச் சுற்றிவளைத்து அவளுடைய ஒரே மகன் உதயரூபனைக் கொண்டுபோனார்கள். ஊருக்கு மூத்தவர் ஒருவர் இராணுவக் காவலரணுக்கு வந்து பொறுப்பேற்றால் விடுவார்களாம். புஸ்பம் நல்லரத்தினத்தாரிடம் ஓடினாள். அவருடைய மூப்பை நினைத்து அன்றைக்குத்தான் முதன்முறையாகச் சந்தோஷப்பட்டாள்.

"ஐயா, கெதியா வாங்க. ஊருக்கு மூத்தவரத்தான் கேக்கிறானுகள்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "ஆரு, நானா? எனக்கென்ன பெரிய வயசு?" குரல் இறங்கியது. "பாக்கப்போனா நீங்கதான் எனக்கு மூத்தவ. போயிற்று வாங்க, புஸ்பக்கா."

அக்காவாம்! இவளுக்குத் தலை இன்னும் கறுப்பு. அவருக்கு மீசைவரை வெள்ளை. காறித் துப்ப வந்ததை விழுங்கிக்கொண்டு தனியே நடந்தாள்.

"ஊர்ல பெரிய ஆள் இல்லயா?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டான் காவலரணில் இருந்தவன்.

"இரிக்கி. நான்தான்."

அங்கிருந்து நகரவில்லை. வெயில் சாயும்வரை அப்படியே நின்று, மகனைக் கூட்டிக்கொண்டுதான் திரும்பினாள்.

மறுநாள் மதியம் தட்டோடு வந்தார் நல்லரத்தினத்தார். வெட்கமா, சூடா, சொரணையா, ஒன்றுமில்லை. "மூப்புக்கு ஒரு..." என்று தொடங்கவும், புஸ்பம் கிடாரத்துக்குக் குறுக்கே அகப்பையைப் பிடித்தாள்.

"பொறுங்க தம்பி" என்றாள், முகாமுக்கே கேட்கும்படி. "மூத்தாக்கள் எல்லாரும் எடுத்து முடியட்டும்."

வரிசையில் ஒருவரும் விலகி இடம் விடவில்லை. ஆகக் கடைசியில் பால்குடிப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி நின்றாள். முன்னீட்டுக்காரர் அந்தப் பிள்ளைக்கும் பின்னால் போய் நின்றார்.