நீல விளக்கு

...இல்லை, இதைப் பேனா என்று யார் நம்புவார்கள், பேனாவுக்கு எதற்கு சார்ஜ் போடும் துளை, மகள் ரிஸ்மாவின் டியூஷன் பையைத் துவைக்க எடுத்த என் பெண்டாட்டி ஷஹ்லா இதை என் மேசையில் போட்டுவிட்டுப் போனாள், "பிள்ளைக்க பேக்குல கெடந்து, செல்போன அக்கக்காப் பிரிக்கிற ஆளுல்லா, இது என்னதுன்னு சொல்லுங்க பாப்போம்" என்று கேலி வேறு, என்ன சொல்ல, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை மின்சிகரெட் புகைக்கிறாள் என்றா? நாலரைக்கு வேன் வரும், வரட்டும், ஒரே கேள்விதான், ஆருட்டி உனக்கு இதப் பழக்கித் தந்தது, பெயரைச் சொல்லாமல் அவள் வாசலைத் தாண்டக்கூடாது... ஸ்க்ரூவைக் கழற்றுகிறேன், உள்ளே விரல் நீளத்துக்கு பேட்டரி, மெல்லிய கம்பிச்சுருள், அதைச் சுற்றிப் பஞ்சு, பஞ்சில் மாம்பழ வாசனையோடு ஒரு திரவம், வாயில் வைத்து இழுத்தால் உள்ளே காற்றழுத்தம் குறையும், அது தெரிந்ததும் கம்பி சூடாகும், திரவம் ஆவியாகும், தீயில்லை, சாம்பலில்லை, சட்டையில் நாற்றமில்லை, எவ்வளவு அழகாக யோசித்திருக்கிறான் பாவி, பென்சில் பெட்டிக்கு அளவெடுத்தல்லவா செய்திருக்கிறான்!

பீடி என்றால் வாசனையே காட்டிக்கொடுக்கும். குளச்சல் கரையில் வலையைச் சரிசெய்துகொண்டே என் வாப்பா கூப்பிடுவார், "எலே நஸீமே, இத அடுப்புல பத்த வெச்சிட்டு வா, அணைஞ்சா அடிதான் கேட்டியா," பீடி சிகரெட் மாதிரி தானாக எரியாது, இழுக்காவிட்டால் கங்கு செத்துவிடும், அடுப்படியிலிருந்து கரைவரை இழுத்து இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும், எனக்கு ஏழு வயது, அதைப் புகைப்பது என்று யாரும் சொல்லவில்லை, ஏவின வேலை, அவ்வளவுதான். முப்பதில் பீடியை விட்டபோது முடிவெடுத்தேன், என் பிள்ளையைத் தீப்பெட்டி எடுக்கக்கூட ஏவமாட்டேன், ஏவவில்லையே, பிறகு எவன், எந்த நாசமாய்ப் போனவன்...

வேன் ஹாரன். பிரித்ததைச் சோதிக்காமல் விட்டு எனக்குப் பழக்கமில்லை, சுருளில் மீட்டரின் இரு முனைகளையும் வைக்கிறேன், இரண்டு கைக்கும் வேலை வந்துவிட்டது, இழுத்துப் பார்க்க இன்னொரு ஆள் வேண்டும்... போன நோன்புப் பெருநாளுக்கு முன், துபாயிலிருந்து வந்த உபைத் ரிப்பேருக்குத் தந்தானே இதே மாதிரி ஒன்று, இதே மேசை, பக்கத்தில் ரிஸ்மா, பேட்டரி, சுருள், பஞ்சு, நான் சொல்லச் சொல்ல அவள் கண் விரிந்ததில் எனக்கு எவ்வளவு பெருமை, "மக்கா, உள்ள ஒண்ணும் இல்ல, வெறும் காத்துதான், லேசா இழு, லைட்டு எரியுதான்னு பாப்போம்." இழுத்தாள். நீலமாக எரிந்தது. மீட்டரைப் போட்டுவிட்டுக் கை தட்டினேன்.

"வாப்பா, இண்ணைக்கு என்ன ரிப்பேர்?" படியில் செருப்பைக் கழற்றுகிறாள். ஆருட்டி... கேள்வி வாய்வரை வந்து நிற்கிறது, மீட்டரின் முனைகளை விடவும் முடியவில்லை, அவள் மேசையைப் பார்த்துவிட்டாள், இப்போது என் கைகளைப் பார்க்கிறாள்...