சிவப்புக் கயிறு

என் வூட்டுக்காரரு ஜீவானந்தம் மூளைக்காய்ச்சல் வந்து இருபது நாளா ஐசியூல நெனவில்லாம கெடக்கிறாரு. மூச்சு விடுறதுகூட மெஷின்தான். நாலு நாளா வலது கை மட்டும் தலைக்கு மேல போயி, எதையோ புடிச்சு இழுக்கிற மாதிரி கீழ எறங்குது.

"அது தானா நடக்குது, அர்த்தம் கெடையாது"ன்னாரு டாக்டரு. ஆனா அவங்க ஆராய்ச்சிக்கு, ஒரு நாளைக்கு எத்தினி தடவைன்னு குறிக்கணுமாம். அர்த்தம் இல்லாததை எதுக்குய்யா குறிக்கணும்னு கேக்கத் தோணல எனக்கு. கூட இருக்கிறவங்களுக்கும் மனசு ஒரு வேலையில நிக்கும்னு சொல்லி, நர்சு ரஞ்சனி நோட்டை எங்கிட்டயே குடுத்துச்சு. ஒண்ணுகூட வுடாம கோடு போட்டேன்.

இன்னைக்குக் காலையில அவரோட ஒரகடம் கார் கம்பெனியில இருந்து பேச்சிராஜ் பாக்க வந்தாரு. திருநெல்வேலிக்காரரு, வண்டி பூட்டுற லைன்ல இவருக்குப் பக்கத்துல நிக்கிறவரு. கை மேல போனதைப் பாத்ததும் கட்டிலாண்ட வந்து குனிஞ்சு பாத்தாரு.

"மதினி, அண்ணாச்சி கயித்தல்லா இழுக்காவ!"

"இன்னா கயிறு?"

"லைனுக்கு மேல செவப்புக் கயிறு தொங்கும். நம்மளால முடியலன்னா இழுக்கணும். லைன் நின்னுரும், சூப்பர்வைசர் ஓடியாருவாரு. ஒம்பது வருஷத்துல அண்ணாச்சி ஒருக்காகூட இழுத்ததில்ல."

நோட்டைப் பொரட்டினேன். நேத்து மட்டும் அறுபத்திமூணு கோடு.

அத்தினி தடவை கூப்ட்டிருக்காரு. நான் பக்கத்துலயே குந்திக்கினு எண்ணிக்கினு இருந்திருக்கேன்.