சில்வர் சாயத்துக்கு அடியில்

சுங்காய் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் கைமாறி, பால்மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டபோது, முத்தம்மாவும் அவள் மகள் பாப்பாவும் ரப்பர் காயவைக்கும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார்கள். எண்பத்தைந்தாம் வருசம் அது. சூடான காற்றை ரப்பர் மேல் தள்ளும் ஆளுயரக் காற்றாடி ஒன்று அங்கே இருந்தது. அதற்குப் பக்கத்தில் நின்று ரப்பர் கட்டிகளை அடுக்குவதுதான் பாப்பாவின் வேலை.

ஒருநாள் காலை மகளுக்குச் சாப்பாடு கொண்டுபோன முத்தம்மாவுக்குக் காற்றாடிப் பக்கமிருந்து கருகின கிரீஸ் வாடை அடித்தது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ராஜுவிடம் ஓடினாள்.

"ரப்பர் நாத்தம்தான் அக்கா, புகை ஒன்னும் இல்லையே," என்றார் அவர்.

நல்லவேளை, இயந்திரங்களைச் சோதிக்க ஈப்போவிலிருந்து பொறியாளர் ஸ்கந்தராஜா அன்று வந்திருந்தார். முத்தம்மா தயங்கித் தயங்கி அவரிடமும் சொன்னாள். அவர் உடனே காற்றாடியைப் பார்க்கக் கிளம்பிவிட்டார், ராஜுவும் கூடப் போனார். பொறியாளர் கையில் துப்பாக்கி மாதிரி ஒரு சாமான்.

"இது என்னா சார்?"

"தொடாமலே சூடு பார்க்கிற கருவி அம்மா. சூடான எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத கதிரை விடும். சூடு ஏற ஏற அதுவும் கூடும். அதைப் பிடிச்சு இது கணக்குச் சொல்லும். காற்றாடியைச் சுத்தியிருக்கிற கம்பி வலைக்கு உள்ளே கை விடேலாது, பாருங்கோ."

காற்றாடியின் தண்டைத் தாங்கும் பேரிங் கூட்டுக்கு நேராகப் பிடித்தார். அறுபத்தெட்டு டிகிரி. ஓடுகிற பேரிங்குக்கு அது சாதாரணச் சூடுதான்.

"பயமில்லைதானே சார்?" என்றார் ராஜு. முத்தம்மாவுக்கு வெட்கமாகப் போயிற்று.

ஸ்கந்தராஜா நகரவில்லை. "இதுக்கு எப்ப சில்வர் சாயம் அடிச்சனீங்கள்?"

"போன மாசம் சார்."

"பளபளக்கிற பொருள் தன் கதிரைக் குறைவாத்தான் விடும். கருவி ஏமாந்து, சூட்டைக் குறைச்சுக் காட்டும். கறுப்பு நல்லா விடும். கறுப்புச் சாயம் இருக்கா?"

நீளக் கழியில் தூரிகையைக் கட்டி, வலையின் இடுக்கு வழியாகக் கூட்டின் மேல் கறுப்பாக ஒரு திட்டு பூசினார். அது காய்ந்ததும் அதே இடத்தில் மறுபடி பிடித்தார்.

நூற்றிருபது.

"நிப்பாட்டுங்கோ! பிள்ளை, இங்கால வா!"

ராஜு பாய்ந்துபோய் சுவிட்சை அணைத்தார். முத்தம்மா மகளை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். காற்றாடி நின்று, சூடு ஆறிய பிறகு கூட்டைத் திறந்தார்கள். கிரீஸ் கரியாகியிருந்தது, உள்ளே பேரிங் குண்டுகள் நொறுங்கிக் கிடந்தன. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் தண்டு முறிந்து, இறக்கை வலையைக் கிழித்துக்கொண்டு வந்திருக்கும். பாப்பா நின்ற பக்கம்தான்.

முத்தம்மா ஸ்கந்தராஜாவின் முன்னால் கைகூப்பினாள். "நீங்க நல்லா இருக்கணும் சார்," என்பதற்குள் அழுகை முந்திக்கொண்டது.

"நீங்கள் வந்து சொல்லாட்டி நான் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டன் அம்மா," என்றார் அவர். அதற்குப் பிறகு கேன்டீனில் அவள் வாங்கிக்கொடுத்த கோப்பியை மறுக்காமல் குடித்துவிட்டுத்தான் ஈப்போவுக்குக் கார் எடுத்தார்.

வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினாள் முத்தம்மா.

"பேரு, நட்சத்திரம்?" என்றார் குருக்கள்.

"ஸ்கந்தராஜா. நட்சத்திரம் தெரியாது சாமி. ராஜு பேரையும் சேத்துக்குங்க. அந்த ஆளும் சட்டுனு நிப்பாட்டினாரு."

பக்கத்தில் பாப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள். "அந்தத் துப்பாக்கிக்கு அர்ச்சனை இல்லையாம்மா?"

"அதுக்கும் சேத்துத்தான் கும்பிட்டேன்லா," என்று மகள் நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள் முத்தம்மா.