காலி உறை இல்லாத கேன்

டயாலிசிஸ் அறையில் அந்த விதியைப் போட்டதே நான்தான். ரத்தம் சுத்தம் செய்யும் திரவத்துக்குப் பைகார்ப் பொடி கரைத்தால், காலி உறைகளைக் கேனின் கழுத்தில் கட்ட வேண்டும். ஒரு கேனுக்கு இரண்டு உறை. உறை இல்லையா, கேனைக் கொட்டு. போன மாதம் எவரோ ஒரே உறைப் பொடியைப் போட்டுவிட்டு இரண்டு போட்டதாக நினைத்த கேனால், இங்கே வழக்கமாக டயாலிசிஸுக்கு வரும் டிரைவர் ஐயா வாந்தியெடுத்து, மூச்சிரைத்து, பிழைத்ததே பெரும்பாடாகிவிட்டது. யார் கரைத்தது என்று கேட்டால் ஆளாளுக்குக் கூரையைப் பார்த்தார்கள். வந்த கோபத்தில் அன்றே எழுதி ஒட்டினேன்.

இன்று காலை கரைத்தது நான். நடுவில் ஸ்டோரிலிருந்து ஃபோன். பேசிவிட்டு வந்து மிச்சத்தைப் போட்டு மூடினேன். போட்டேனா? மேஜை மேல் வைத்த உறைகளைக் காணோம். துப்புரவு அக்கா துடைத்தெடுத்துக் குப்பையில் போட்டுவிட்டார், குப்பை வண்டியும் போய்விட்டது.

"ரெண்டும் போட்டேன்டி. பதினோரு வருஷமா கரைக்கறேன்" என்றேன் நர்ஸிடம்.

"நான் இல்லைன்னு சொல்லலையே அக்கா. உறை எங்க?"

வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவள் என்று நினைத்திருந்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்குள் டிரைவர் ஐயா வந்துவிட்டார். கால் வீங்கி, இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினார். புதிதாகக் கரைத்து அளக்க அரை மணி நேரமாகும்.

"இதையே உப்பு அளக்கற மீட்டர்ல அளந்து பாத்துடலாமா?" என்று நர்ஸே இறங்கி வந்தாள்.

எனக்கும் ஆசைதான். சரியாக இருந்தால் மானம் தப்பும். ஆனால் நாளைக்கு உறையைத் தொலைப்பவர்கள் எல்லாரும் என்னைத்தான் காட்டுவார்கள். மீட்டர் உறைக்கு மேல் இன்னொரு காவல், உறைக்குப் பதில் அல்ல. கேனைத் தூக்கித் தொட்டியில் கவிழ்த்தேன். நர்ஸ் புதுக் கேனை எடுத்தாள்.

ஐயாவின் கட்டிலருகே போனேன்.

"கரைச்சதுல எனக்கே சந்தேகம் வந்துடுச்சு ஐயா, கொட்டிட்டேன். தப்பு என்னுது. அரை மணி நேரம் ஆகும். டாக்டரை வரச் சொல்லியிருக்கேன், அதுவரைக்கும் பக்கத்துலயே இருப்பார்."

"பரவால்லம்மா. போன மாசம் மாதிரி ஆகாம இருந்தாச் சரி" என்றார். "அன்னைக்கு நான்தான் தண்ணி ஜாஸ்தி குடிச்சிட்டேன்னு வீட்ல திட்டித் தீத்துட்டாங்க. இன்னும் என் பொண்டாட்டி தண்ணிப் பாட்டிலை அலமாரில வச்சுப் பூட்டறா."

அன்றைக்குத் தப்பு கேனில்தான் என்று யாருமே இவரிடம் சொல்லவில்லை. விதி எழுதி ஒட்டிய நானும் சொல்லவில்லை. வெட்கத்தில் முகம் எரிந்தது.

"வீட்டம்மா வெளியதான இருக்காங்க?" என்றேன். "உள்ள கூப்பிடுங்க ஐயா. அன்னைக்குத் தப்பு பண்ணது நீங்க இல்ல, நாங்க. அவங்க முன்னாடியும் நான் சொல்லணும்."